இரண்டு கோடுகளுக்கு நடுவே

இரண்டு பேர் மட்டும் பேசிய பேச்சில் மூன்றாவது ஆளுக்கு இடம் விட்டிருந்தது.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் லேப்டாப் இருந்தது. மறு மூலையில் மகள் சிந்திய பால் காய்ந்து வட்டமாக ஒட்டிக்கிடந்தது. அதைத் துடைக்கச் சோம்பல்பட்டுக்கொண்டே, திரையில் இறங்கி வந்த துண்டுகளை மேலிருந்து கீழாக வாசித்தாள். 'பால் குடிச்சியா' என்று அவள் கேட்டது ஒரு துண்டு. 'ம்' என்று மகள் சொன்னது அடுத்த துண்டு. அதற்கடுத்த துண்டில் ஒன்றுமே இல்லை. ஒரு எழுத்து இல்லை, ஒரு புள்ளி இல்லை. அதற்குப் பிறகு மறுபடியும் மகள், 'அப்புறமா' என்று. நேற்று மாலை கணவர் வேலையிலிருந்து வருவதற்கு முன்னால் பதிவான பேச்சு அது. அப்போது வீட்டில் அவளையும் மகளையும் தவிர ஈ எறும்புகூட இல்லை.

வெட்டுவதுதான் அவள் பிழைப்பு. நீளமான ஒரு எழுத்து வரியைக் கொடுத்து, எந்தக் குறி வருகிற இடத்தில் வெட்ட வேண்டும் என்று சொன்னால், அங்கங்கே நறுக்கித் துண்டுகளை வரிசையாக அடுக்கித் தரும் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் எழுதுவாள். அவற்றையெல்லாம் ஒரு பேக்கேஜாகக் கட்டி வைத்தால் ஊரிலிருக்கிற மற்ற புரோகிராமர்கள் எடுத்துப் புழங்குவார்கள். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் கத்திரி. கணவருக்கு இந்தத் தொழில் பிடிபடவே இல்லை. கல்யாணமான புதிதில், 'நாளைக்குள்ள ஒரு ஃபங்ஷன் முடிக்கணும்' என்று இவள் சொன்னதைக் கேட்டுப் புதுச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்த மனிதர் அவர். கிடங்கு ஒன்றில் சரக்கு மேற்பார்வை. காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார்.

இந்தத் தொழிலில் காலித் துண்டு என்பது புதிதல்ல. வெட்டும் குறி இரண்டு அடுத்தடுத்து வந்துவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லாத ஒரு துண்டு விழும். சட்டை தைக்கிறவர் கடையில் பிசிறு விழுவது போலத்தான். யாரும் அதை வைத்துக்கொள்வதில்லை. அவள் எழுதிய ஃபங்ஷனே, வேறு மாதிரி சொல்லாத வரைக்கும், காலியைத் தானாகவே கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தரும். இத்தனை வருஷத்தில் எத்தனை லட்சம் காலிகளைக் கழித்திருப்பாளோ, ஒன்றையாவது நின்று பார்த்ததில்லை. ஒன்றுமில்லாததில் பார்க்க என்ன இருக்கிறது?

இப்போது அவள்தான் வலியப் போய் 'காலியையும் வை' என்று மாற்றியிருந்தாள். மகளுக்காக.

மகளுக்குச் சிட்டு என்று செல்லப்பெயர் வைத்தது அப்பா. வைத்த வேளை சரியில்லை போல. பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் அந்தச் சிட்டு கீச்சென்றதில்லை. காது நன்றாகக் கேட்டது. சொன்னதெல்லாம் புரிந்தது. வரைவாள், சிரிப்பாள், கோபம் வந்தால் கதவை அறைவாள். வாயைத் திறந்து பேசுவதற்குத்தான் கஞ்சத்தனம். ஒரு நாளில் அவள் உதிர்க்கும் சொற்களை ஒரு கையின் விரல்களுக்குள் அடக்கிவிடலாம். மற்ற பிள்ளைகள் வாசலில் கத்திக்கொண்டு ஓடும்போது இவள் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்து நிற்பதைக் காணும்போதெல்லாம் அவள் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நிற்பாள். பிள்ளை வாய் ஓயாமல் பேசி, 'கொஞ்சம் சும்மா இரேன்டி' என்று ஒரே ஒரு நாள் அதட்ட வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம்தான் வழி சொன்னார். வீட்டில் பேசுவதைப் பதிவு செய்யுங்கள், குழந்தை எப்போது பேசுகிறாள், எதற்குப் பேசுகிறாள் என்று பாருங்கள் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"அவ பேசாம இருக்கறதும் பதில்தாம்மா. நீங்க கேக்கறீங்க, அவ முறை வருது, அவ சும்மா இருக்கா. அந்தச் சும்மாவையும் கணக்குல எடுத்துக்கணும். அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க."

அதனால் பழைய போன் ஒன்று, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நின்ற ஃபிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்தது. அது கேட்கும் பேச்சை எழுத்தாக மாற்றுகிற ஒரு புரோகிராமுக்கு வீட்டிலுள்ள மூன்று குரல்களையும் அவள் அறிமுகப்படுத்தி வைத்தாள். ஒவ்வொரு பேச்சுக்கு முன்னாலும் பேசியவர் பெயர் விழும். ஒருவர் முடித்து இன்னொருவர் முறை வரும்போது ஒரு நெட்டுக்கோடு விழும். முறை வந்தவர் வாயெடுத்துவிட்டு மூச்சு மட்டும் விட்டாலும் கோடு விழும். ஒரு நாள் முழுப் பேச்சும் ஒரே நீள வரியாகச் சேர்ந்துவிடும். கோடு விழுந்த இடத்தில் அவளுடைய ஃபங்ஷன் வெட்டும். காலியும் தங்கும்.

அப்படித் தங்கியதுதான் அந்தத் துண்டு. பெயர் இல்லை, சொல் இல்லை. முறை மட்டும் இருந்தது.

அலுவலகத்தில் சீனியரிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. ஃபிரிட்ஜ் சத்தமாக இருக்கும், ஃபேன் சத்தமாக இருக்கும், யாரோ பேச வாயெடுக்கிறார்கள் என்று நினைத்து மெஷின் கோடு போட்டுவிடும், அதற்காகத்தானே கழிக்கிறோம், உனக்குத் தெரியாததா என்றார். அவளும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

ஆனால் ஃபிரிட்ஜ் சத்தம் நாள் முழுக்க இருக்கிறது. காலித் துண்டு அப்படியில்லை. அவள் பேசியதற்குப் பின்னால் அது வருவதில்லை. கணவர் பேசியதற்குப் பின்னாலும் வருவதில்லை. சிட்டு வாயைத் திறந்தால் மட்டும், அதற்கடுத்து, அடக்கமாக, வரிசையில் தனக்கென்று ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். கணவர் உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் சாய்ந்து கிடந்தது. காலையில் சிட்டு சமையலறையில் தனியாக விளையாடிக்கொண்டிருந்த நேரத்துப் பதிவை அவள் திறந்தாள்.

'இல்ல' என்றிருந்தாள் சிட்டு. பிறகு காலி. 'அம்மா திட்டுவா' என்றாள். பிறகு காலி. 'கதவு பக்கத்துலயா.' காலி. 'ம், சரி.'

அவள் விரல் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. காலிகளைக் கழித்துவிட்டுப் படித்திருந்தால் இவை அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டு, பிள்ளை தனக்குத்தானே உளறிய மாதிரி இருந்திருக்கும். இப்போது அப்படி இல்லை. பக்கத்தில் ஒருவர் போனில் பேசும்போது இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் நமக்குக் கேட்குமே, அப்படி இருந்தது. சிட்டு உளறவில்லை. பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்து வந்து, எழுத்தைச் சேமித்தால் ஒலி அழிந்துவிடும் என்பதால் அதற்கு முன்பே அந்த ஒலியைக் காதில் வைத்துக் கேட்டாள். ஃபிரிட்ஜின் உறுமல், குழாயிலிருந்து சொட்டும் நீர், தெருவில் போகும் வண்டி, இவற்றுக்கு மேல் மகளின் மெல்லிய குரல், 'இல்ல' என்று. அதற்கடுத்து அந்த இடம் வந்தது. அந்த இடத்தில் உறுமல் இல்லை. சொட்டு இல்லை. வண்டி இல்லை. யாரும் பேசாமல் இருந்தால் வருகிற அமைதி வேறு, அதில் வீடு மூச்சு விடுவது கேட்கும். இதில் எதுவுமே கேட்கவில்லை. அங்கிருந்த ஒலியையெல்லாம் யாரோ வாங்கி உள்ளே வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அது முடிந்ததும் ஃபிரிட்ஜ் பாதி உறுமலில் இருந்து தொடர்ந்தது.

சிட்டு தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தலையைத் தடவி, குரலில் எதையும் காட்டிக்கொள்ளாமல் கேட்டாள்.

"சமையலறையில யார் கூடப் பேசிட்டிருந்தே, கண்ணு?"

சிட்டு கிரேயானை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நீளமாக அந்தப் பிள்ளை பேசியது அதுதான் முதல் தடவை.

"முன்னாடி அவங்களுக்கு உக்கார இடமே இல்லையாம். வந்து வந்து போயிடுவாங்களாம். இப்ப இடம் இருக்காம். நீதான் வெச்சியாம்."

வீட்டுக்குள் எங்கேயோ, பூட்டிக்கிடந்த அறையை வெகு நாள் கழித்துத் திறந்தால் அடிக்குமே, அப்படியொரு வாடை வந்து போனது. கணவரை எழுப்பிச் சொன்னாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றார். ஃபிரிட்ஜுக்கு வயசாகிவிட்டது, அதற்கும் நாலு வார்த்தை பேச ஆசை இருக்காதா என்றார். பிறகு குரல் இறங்கி, பிள்ளை அவ்வளவு பெரிய வாக்கியமா சொன்னா, நான் தூங்கிட்டேனே என்று வருத்தப்பட்டார்.

அந்த வருத்தம்தான் அவளைக் கட்டிப்போட்டது. அன்றைக்கே போனை இறக்கியிருக்கலாம். காலியைக் கழி என்று ஒரு சொல்லை மாற்றியிருந்தால் போதும். ஆனால் பிள்ளை பேசுகிறாளே. யாரிடம் பேசினால் என்ன, சின்னப் பிள்ளைகள் கற்பனைத் தோழியிடம் பேசுவதில்லையா, பேச்சு வந்தால் அந்தத் தோழி தானாகப் போய்விட மாட்டாளா? தனக்குத் தானே இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்று நாலு பேருக்குப் புத்தி சொல்லக்கூடியவள்தான். தன் பிள்ளை என்று வரும்போது அது நினைவுக்கு வரவில்லை.

காலித் துண்டுகள் ஒவ்வொன்றாக நிரம்ப ஆரம்பித்தன.

முதலில் ஒரு 'ம்'. பெயரில்லாமல், இரண்டு கோடுகளுக்கு நடுவே தனியாக. பிறகு சில நாள் கழித்து அந்த 'ம்'முக்கு முன்னால் பெயரும் வந்தது. சிட்டு என்று வந்தது. மெஷினுக்குத் தெரிந்த குரல்கள் மூன்றுதான், அதில் ஒன்றைப் போட்டிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்புறம் சொற்கள் வந்தன. வரிசையில் சிட்டு, சிட்டு, சிட்டு என்று பெயர் நிறைந்துகொண்டே போனது. காலிகள் குறைந்தன. வாரக் கடைசியில் மகளின் பேச்சு எவ்வளவு கூடியிருக்கிறது என்று புரோகிராம் போட்டுக் காட்டிய கோடு மாடிப்படி மாதிரி ஏறியது. அவள் அதைக் கணவரிடம் காட்டினாள். அவர் அந்தக் கோட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கு இரண்டு பேரும் வெகு நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளை அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அலுவலகத்தில் இருக்கும்போதுதான் பயிற்சி மேடம் கூப்பிட்டார். அழியும் முன் அவள் எடுத்து அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டாராம். குரலில் சந்தோஷம் வழிந்தது. நினைத்ததைவிடப் பெரிய முன்னேற்றம், உச்சரிப்பு எவ்வளவு சுத்தம், இனிமேல் கவலையே வேண்டாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனவர், வைப்பதற்கு முன்னால் கேட்டார்.

"உங்களுக்கு ரெட்டைப் பிள்ளைங்கன்னு சொல்லவே இல்லையேம்மா?"

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"ஒரே மாதிரி குரல். ஆனா ஒரு பிள்ளை ரொம்ப அடங்கிப் போயிடுச்சு. முன்னாடி ஏதோ பேசிட்டிருந்தது, இப்ப வெறும் மூச்சுதான் கேக்குது. அதையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க."

வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். வழி நெடுக சிக்னல்கள் அவளுக்காகவே சிவப்பில் நின்றன. மகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தபோது சாயங்கால வெளிச்சம் கூடத்தில் மஞ்சளாக ஊறிக்கிடந்தது. அந்த வாடை இருந்தது. முன்பு வந்து போனது. இப்போது போகவில்லை.

மகளை முன்னால் நிறுத்தி, தோளைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது பேசு கண்ணு என்றாள். ஒரே ஒரு வார்த்தை, அம்மான்னு சொல்லு என்றாள். சிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். உதடுகள் பிரிந்தன. காற்று மட்டும் வந்தது. அந்தக் கண்ணில் பிள்ளைகளுக்கு வரக்கூடாத ஒரு களைப்பு இருந்தது, வெகு நேரமாகக் கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்த மாதிரி.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யாரோ என் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு என் பிள்ளையின் பேச்சைத் தின்கிறார்கள். இடம் கொடுத்தது நான். அந்த இடத்தை நானே பிடுங்குவேன். அவளுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான், ஆனால் இதை அவள் தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வாள்.

மகளை ஃபிரிட்ஜ் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். காலியையும் வை என்றிருந்ததை அழித்தாள். காலியைக் கழி என்று எழுதினாள். முதல் நாளிலிருந்து இன்று வரைக்குமான எல்லாப் பதிவுகளையும் ஒன்றாக எடுத்தாள். வெட்டு, காலியைக் கழி, மிச்சத்தை மறுபடி ஒட்டி அதே இடத்தில் எழுது. அதற்கு எங்கேயும் ஒரு பொட்டு இடம்கூட மிஞ்சக் கூடாது.

மூலத்தை ஒரு பிரதி எடுத்து வைக்காமல் அதன் மேலேயே எழுதாதே என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவள் அவள். ஊருக்குத்தான் உபதேசம். பொத்தானை அமுக்கினாள்.

கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை.

வரிசை சுத்தமாக வந்தது. அம்மா, சிட்டு, அம்மா, அப்பா, சிட்டு. ஒரு காலி இல்லை. மேலிருந்து கீழ் வரை உருட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. போய்விட்டது, போய்த் தொலைந்தது என்று முணுமுணுத்தபடி நாற்காலியில் சாய்ந்தாள். அப்போதுதான் கடைசித் துண்டுகள் கண்ணில் பட்டன. இன்றைக்கு, சற்று முன்னால், இதே கூடத்தில் பதிவானவை.

'அம்மா: ஏதாவது பேசு கண்ணு.'

'சிட்டு: பேசறேன்மா.'

'அம்மா: ஒரே ஒரு வார்த்தை, அம்மான்னு சொல்லு.'

'சிட்டு: அம்மா. அம்மா. அம்மா.'

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் அப்படிச் சொல்லவில்லை. எதிரில் நின்ற பிள்ளை உதட்டைத்தான் பிரித்தாள். காற்றுதான் வந்தது. சொன்னது வேறு. சொன்னதற்குப் பெயர் இருக்கிறது, சொல் இருக்கிறது, வரிசையில் இடம் இருக்கிறது. அப்படியானால் உதட்டைப் பிரித்துவிட்டுச் சொல்ல முடியாமல் நின்றவளின் முறை எங்கே? அது எப்படி விழுந்திருக்கும்?

காலியாக விழுந்திருக்கும்.

கொஞ்ச நாளாகவே காலியாகத்தான் விழுந்திருக்கும். மிச்சமிருந்த காலிகள் அதனுடையவை அல்ல, சிட்டுவினுடையவை.

அவள்தான் கழித்தாள். இப்போது. தன் கையால்.

ஃபிரிட்ஜ் உறுமல் நின்றது.

சொட்டும் நின்றது. தெரு நின்றது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. திரும்பினாள்.

சிட்டு நாற்காலியில் இருந்தாள். வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது. பிள்ளைகள் பயந்து வீறிடும்போது முகம் எப்படிக் கோணுமோ அப்படிக் கோணியிருந்தது. சத்தம் இல்லை. நாற்காலியின் முதுகுக் கம்பிகள் தெரிந்தன. பிள்ளைக்குப் பின்னால் இருக்க வேண்டியவை. பிள்ளை வழியாகத் தெரிந்தன.

அவள் பாய்ந்து லேப்டாப்பைப் பிடித்தாள். காலியையும் வை. ஓட்டினாள். காலி இல்லை. மறுபடி. இல்லை. இருந்ததன் மேலேயே எழுதியாகிவிட்டது. மூல ஒலி? போனில் இடம் போதவில்லை என்று எழுத்தைச் சேமித்த உடனே ஒலியை அழிக்கும்படி அவளே வைத்திருந்தாள். கோடுகளுக்கு நடுவே கையாலேயே வெற்றிடங்களைத் தட்டினாள். இங்கே ஒன்று. இங்கே ஒன்று. எல்லா இடத்திலும். அவள் தட்டத் தட்ட அங்கே எழுத்து முளைத்தது.

'சிட்டு: வேண்டாம்மா.'

'சிட்டு: எனக்கு இடம் போதும்மா.'

லேப்டாப்பை விட்டாள். நாற்காலிக்கு ஓடினாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நாற்காலியில் உடுப்பின் நீலம் மட்டும், கலங்கிய நீரில் தெரிவது போலத் தெரிந்தது. அதுவும் போனது. அவள் கையை நீட்டினாள். துழாவினாள். காற்று. காற்று. பிறகு ஆட்காட்டி விரலை ஒன்று பற்றியது. சின்னக் கை. வியர்த்திருந்தது. நடை பழகின காலத்தில் எப்படிப் பிடித்ததோ அப்படியே, ஒரு விரலை மட்டும், முழுக் கையாலும்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பிடி மட்டும் இருந்தது.

கண்ணு, நான் இருக்கேன், விடாதே, விடாதேடா என்று சொன்னாள். சொன்னாளா என்று தெரியவில்லை, அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஃபிரிட்ஜ் பாதி உறுமலிலிருந்து தொடர்ந்தது. கதவு திறந்தது. கணவர் உள்ளே வந்து, என்ன விளக்குகூடப் போடாமல் நிற்கிறாய் என்று கேட்டுக்கொண்டே சுவிட்சைத் தட்டினார்.

உள்ளறையிலிருந்து ஓடி வரும் காலடிகள்.

"அப்பா! அப்பா, ஏன் இவ்வளவு லேட்டு? நான் எவ்வளவு நேரமா காத்துட்டிருக்கேன் தெரியுமா? இன்னைக்கு நான் என்னென்ன செஞ்சேன்னு சொல்லட்டுமா?"

அவர் கையிலிருந்த பை கீழே விழுந்தது. அப்படியே மண்டியிட்டு, ஓடி வந்ததை வாரி அணைத்தார். அதே நீல உடுப்பு, அதே தலைவகிடு. அவர் தோள் குலுங்கியது. அழுதார். சிரித்தார். கல்யாணமானதிலிருந்து அவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"கேட்டியா? நம்ம பொண்ணு பேசறா. எப்படிப் பேசறா பாரு."

அது பேசியது. பேசிக்கொண்டே இருந்தது. வாய் ஓயாமல். அவர் தோளுக்கு மேலே முகத்தைத் தூக்கி, கூடத்தின் நடுவே கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்தது. பேச்சை நிறுத்தியது. கையைப் பார்த்தது.

"அம்மா," என்றது, ஒரு எழுத்து சிதறாமல். "யார் கையைப் புடிச்சுட்டு நிக்கறே?"

கணவரும் திரும்பிப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் அவள் கை வெறுங்கையாகத்தான் இருந்தது. விரலில் அந்தச் சின்னப் பிடி நடுங்கியது. இன்னும் இறுகியது.